மூணாம் நம்பர் மெஷினின் ஆவி

எங்கள் அட்டைப்பெட்டி ஆலையில் குடிதண்ணீருக்குப் பஞ்சம் உண்டு, பேய்க்குப் பஞ்சமே கிடையாது. குடோனில் காகித உருளைக்குப் பின்னால் படுத்துத் தூங்கி மாட்டிக்கொண்டவனைப் பேய் அமுக்கியிருக்கும். பசை வாளியைக் கவிழ்த்தவளின் காலைப் பேய் இழுத்திருக்கும். வேலை செய்யத் துப்பில்லாதவர்களின் தப்பையெல்லாம் தலையில் வாங்கிக்கொள்ள ஒரு பேய் எப்போதும் தயாராக நிற்கும். லேபிள் ஒட்டும் மேஜையில் உட்கார்ந்து நானும் நாலைந்து கதை கட்டியவள்தான். யோக்கியம் பேச வரவில்லை.

எல்லாப் பேய்க்கும் ராஜா மூணாம் நம்பர் மெஷின் பேய். அட்டையை வெட்டி மடிப்புக்கோடு போடுகிற பெரிய மெஷின் அது. சிவப்புப் பட்டனை அமுக்கி நிறுத்திய பிறகும் சில நேரம் தானாக ஓடும். வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிய கதைதான். ஆறு வருஷத்துக்கு முன் அதில் சிக்கிய அட்டையை எடுக்கக் கையை விட்ட ஆபரேட்டர் ஒருவர் உள்ளே இழுக்கப்பட்டுச் செத்துப்போனார். அவருடைய ஆவிதான் அதை ஓட்டுகிறது என்பது எங்கள் ஆலையின் வேதவாக்கு.

அந்த ஆபரேட்டரின் மனைவி எங்களோடுதான் வேலை செய்தாள். புருஷன் போன மூன்றாம் மாதம் மேனேஜர் பெரிய மனசு பண்ணி அவளுக்கு விளக்குமாற்றைக் கையில் கொடுத்தார். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘மூணாம் நம்பர் அக்கா’. எங்கள் நாகரிகம் அவ்வளவுதான். அவள் காதுபடவே ஆவிக்கதை பேசுவோம். “பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தானே ஆகணும் அக்கா?” என்று பேக்கிங்காரன் ஒருத்தன் பல்லிளித்தான்.

“உயிரோட இருந்தப்பவே அந்த மனுஷன் அஞ்சு மணிக்கு மேல இங்க ஒரு நிமிஷம் நிக்க மாட்டாரு. செத்தப்புறம் ஓவர்டைம் பாக்க வர்றாராக்கும்! போடா, போய் மூஞ்சியைக் கழுவு” என்றாள் அக்கா.

பேச்சில்தான் அந்த வீறாப்பு. உள்ளே அவளை அரித்தது வேறு. விசாரணை அறிக்கையில் ‘தொழிலாளி தன் அஜாக்கிரதையால் இறந்தார்’ என்று எழுதியிருந்தார்கள். யார், அவள் புருஷனா? வீட்டுப் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவர். தெருமுனை வரை போய், கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கத் திரும்பி வருபவர். “அந்தச் சனியனால ஒரு கல்யாணத்துக்காவது நேரத்துக்குப் போயிருக்கோமா?” என்பாள். அந்த ஒரு வார்த்தையை அழிக்க வேண்டும் என்று மேனேஜர் அறைக்கு நடந்து நடந்து அலுத்துப்போனாள். சாட்சி இல்லை என்று அனுப்பிவிடுவார்கள்.

ஒருநாள் டீ நேரத்தில் மேஸ்திரி புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்குப் பயம் காட்டிக்கொண்டிருந்தார். “அவரு சாகறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, நானே இந்தக் கையால சிவப்புப் பட்டனை அமுக்கினேன்மா. ரெண்டு அடி வைக்கல, டமார்னு ஓடுது!”

“அப்ப அவரு உயிரோடதானே இருந்தாரு? ஓட்டினது யாரு?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“அது சாவுக்கு முன்னாடி வர்ற சகுனம்” என்றார் மேஸ்திரி. நாங்களும் தலையாட்டினோம்.

பெருக்கிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. “மேஸ்திரி அண்ணே, அது என்ன கிழமை?” என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து ஆவிக்கதை என்றால் அக்கா முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். யார் பார்த்தது, எப்போது, பட்டனை அமுக்கியது யார் என்று நோண்டி நோண்டிக் கேட்டாள். இவளுக்கும் மறை கழன்றுவிட்டது என்று நாங்கள் சிரித்தோம்.

தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் அம்மா வந்த அன்று மெஷின்களைத் துடைத்து, எங்களுக்குப் புதுக் கையுறை மாட்டிவிட்டிருந்தார்கள். அக்கா விளக்குமாற்றோடு நேராக அவர் முன்னால் போய் நின்றாள். “மேடம், எங்க ஆலையில பேய் இருக்கு. எழுதிக்குங்க.”

அந்த அம்மா சிரித்துவிட்டார். “பேய்க்கு நான் நோட்டீஸ் அனுப்ப முடியாதும்மா.”

“நான் சொன்னா நல்லா இருக்காது மேடம். எங்க மேஸ்திரி அண்ணன் சொல்லணும்.”

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கேட்க ஆள் கிடைத்தால் மேஸ்திரியின் வாய் நிற்குமா? மேனேஜர் இரண்டு தடவை இருமினார், பலிக்கவில்லை. கையை வீசி, சத்தம் எழுப்பி, முழுக்கதையையும் அவிழ்த்துவிட்டார் மேஸ்திரி. கூட இருந்தவர்களும் நானும் பார்த்தேன், நீயும் பார்த்தாய் என்று முண்டியடித்தார்கள். இன்ஸ்பெக்டர் அம்மாவின் சிரிப்பு மறைந்தது. மூணாம் நம்பரை ஓட்டச் சொல்லி, தானே சிவப்புப் பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தார். ஏழாவது தடவை, நின்ற மெஷின் தானாக ஓடியது. சுவிட்சுப் பெட்டியைத் திறந்தால், உள்ளே செம்புத் தகடு உருகி ஒட்டிக்கொண்டிருந்தது.

அக்கா இடுப்பிலிருந்து பிளாஸ்டிக் உறையில் மடித்த காகிதத்தை எடுத்தாள். விசாரணை அறிக்கையின் நகல். “‘சிவப்புப் பட்டனை அமுக்கியிருந்தா மெஷின் ஓட வாய்ப்பே இல்ல, அவர் அமுக்கல’ன்னு போட்டிருக்கு. கீழ இருக்கறது உங்க கையெழுத்துதானே அண்ணே?”

மேஸ்திரிக்கு அன்றுதான் நிஜமாகவே பேயறைந்தது.

புது அறிக்கை வர ஐந்து மாதம் ஆனது. அதில் அஜாக்கிரதை என்ற சொல் ஆலையின் பெயருக்குப் பக்கத்தில் இருந்தது. புது சுவிட்சு போட்ட நாளிலிருந்து ஆவியைக் காணோம். சூடு சுரணை இல்லாத அந்தப் பேக்கிங்காரன், “ஆத்மா சாந்தியடைஞ்சிடுச்சு போல அக்கா” என்றான்.

அக்கா கத்தவில்லை. “மெஷின் தானா ஓடுதுன்னு அவரு சாகறதுக்கு முன்னாடியே உங்க எல்லாருக்கும் தெரியும். பேயின்னு சொல்றதுக்குப் பதிலா, சுவிட்சு கெட்டுப்போச்சுன்னு யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தா, மனுஷன் இன்னிக்கும் வீட்டுப் பூட்டை இழுத்துப் பாத்துக்கிட்டு இருப்பாரு” என்றாள். பிறகு மூணாம் நம்பரின் கீழே கிடந்த அட்டைத் துணுக்குகளைக் கூட்டத் தொடங்கினாள்.

நான் லேபிளைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவர் சாவதற்கு முந்தைய அந்த வாரம் மெஷின் தானாக ஓடியதை நானும் பார்த்தேன். ஓடிப்போய் முதலில் எல்லோருக்கும் சொன்னவளும் நான்தான். பேய் என்று.