கிணற்றுக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

என் அப்பா நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு யாராவது அவரைத் திட்டினால் என்னால் தாங்க முடியாது. திட்ட வேண்டியதை நானே திட்டிக்கொள்கிறேன். எனக்கு அந்த உரிமை இருக்கிறது.

ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி போகிற பாதையில், பாலாற்றை ஒட்டி எங்கள் ஊர். அப்பா அங்கே பள்ளிக்கூட வாத்தியார். ஊர்ச் சேவா சங்கத்துக்கும் அவர்தான் காரியதரிசி. சங்கத்தில் இருபது பேர் இருந்தார்கள். சட்டையில் நீல ரிப்பன் குத்திக்கொண்டு கோடையில் ரயிலடியில் பிரயாணிகளுக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளைத் தேடிப் பிடித்து வருவார்கள். நாதியற்ற பிணம் என்றால் தூக்கிப் போய் அடக்கம் செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கூடி, சோடா குடித்துத் தீர்மானம் போடுவார்கள். தீர்மானம் எழுதுவதில் அப்பாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ‘இச்சங்கம் மனப்பூர்வமாக’ என்று தொடங்கினால் ஒரு பக்கம் முடிந்துதான் முற்றுப்புள்ளி வரும்.

இத்தனையிலும் உருப்படியான காரியம் தண்ணீர் வண்டிதான். தோல் பதனிடும் இடத்தைத் தோல் ஷாப்பு என்போம். அங்கே வேலை செய்கிறவர்கள் குடியிருந்த இடம் ஷாப்புத் தெரு. தோல் ஊறுகிற தொட்டிகளிலிருந்து சுண்ணாம்பும் உப்பும் மண்ணில் இறங்கி, அந்தத் தெருவில் எங்கே தோண்டினாலும் வாயில் வைக்க முடியாத தண்ணீர்தான். அதனால் தினமும் காலையில் சங்கத்து ஆட்கள் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, மாட்டு வண்டியில் இரண்டு பீப்பாய் நிறைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போவார்கள். 

என் சிநேகிதி முனியம்மா அந்தத் தெருக்காரி. வகுப்பில் எனக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். அவளை அங்கே உட்கார வைத்ததற்காக ஊரில் நாலு பேர் அப்பாவிடம் சண்டைக்கு வந்தார்கள், அப்பா அசையவில்லை. அதனால்தான் சொன்னேன், அவர் நல்லவர் என்று. முனியம்மாவின் அம்மா ஷாப்பில் தோல் பதனிடப் போடும் ஆவாரம்பட்டை இடிக்கிறவள். இடுப்பில் எப்போதும் ஒரு குழந்தை இருக்கும், முனியம்மாவின் தம்பி. அவனுக்கு அப்போது இரண்டு பல் முளைத்திருந்தது.

ஷாப்புத் தெருவுக்குக் கிணறு வெட்டுவதென்று சங்கம் தீர்மானம் போட்டது. சங்கத் தலைவர் ஒரு ஷாப்பு முதலாளி. சாயபு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவரே தெருக்கோடியில், தொட்டிகளிலிருந்து தள்ளி நிலம் கொடுத்தார். வெட்டினார்கள். கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீர் வந்தது. வந்ததோ இல்லையோ, அப்பா கலெக்டர் துரைக்குக் கடிதம் எழுதி, திறப்பு விழாவுக்குத் தேதி வாங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, வேட்டியில் தெறிக்கத் துப்பினார்.

அன்று மாலை சாயபு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“வாத்தியாரே, பேஜார் வேணாம். தேதிய தள்ளிப் போட்டா இன்னா?”

“துரைக்குக் கடுதாசி போய்ட்டுது சாயபு. இப்ப வேணாம்னா சங்கத்து மானம் போய்டும். அப்புறம் ஒரு பய நம்மள நம்ப மாட்டான்.”

சாயபு தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். பிறகு போய்விட்டார். அவர் இன்னும் ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இன்றுவரை அவர்மேல் ஒரு குறை உண்டு.

புதுக் கிணற்றில் ஒரு குடம் ஆற்றுத் தண்ணீரும் ஒரு கட்டி வெல்லமும் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு குடம்தான் வழக்கம். விழாவுக்கு முந்தின நாள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டு, ஊரிலிருந்த வண்டிகளையெல்லாம் ஆற்றுக்கு அனுப்பினார். ஷாப்புத் தெருவில் எல்லாரும் வேலைக்குப் போயிருந்த பகல் நேரம். வீட்டிலிருந்த கிழவர்களிடம், துரை வருகிறார், கிணற்றைக் கழுவுகிறோம் என்று சொன்னார்கள். ரிப்பன்காரர்கள் கிணற்றை இறைத்து வற்ற வைத்தார்கள். பிறகு பீப்பாய் பீப்பாயாக ஆற்றுத் தண்ணீரைக் கொட்டினார்கள். நானும் வண்டியில் ஏறிப் போய் வந்தேன். எனக்குப் பொங்கல் மாதிரி இருந்தது.

“எதுக்குப்பா இவ்ளோ தண்ணி?” என்று கேட்டேன்.

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. “புதுக் கிணத்துக்கு நல்ல தண்ணியோட ருசிய காட்டணும். ஊத்த ஊத்த அதுவும் இனிக்கக் கத்துக்கும். யார்கிட்டயும் சொல்லக் கூடாது, இன்னா?”

ரகசியம் என்றதும் எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மறுநாள் துரை வந்தார். மாலை, பாண்டு வாத்தியம், வரவேற்புப் பத்திரம் எல்லாம் நடந்தன. முதல் தண்ணீரை வெள்ளித் தம்ளரில் கொடுத்தது நான்தான். துரை குடித்துவிட்டு ஏதோ சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு தெருக்காரர்கள் குடித்தார்கள். சிலர் அழுதார்கள். முனியம்மா இரண்டு கையாலும் ஏந்திக் குடித்து, தம்பி வாயிலும் சொட்டுவிட்டு, என் காதோரம் வந்து கேட்டாள்.

“நாளைக்கும் இப்டியே இருக்குமா?”

“இருக்கும்” என்றேன்.

மூன்று நாள் இருந்தது. நாலாம் நாள் உப்புக் கரித்தது. அடுத்த வாரம் துப்ப வேண்டியதாயிற்று. ஆனால் தண்ணீர் வண்டி நின்றுபோயிருந்தது. துரையே குடித்துப் பாராட்டிய கிணறு இருக்கும்போது வண்டியை அனுப்பினால், சங்கமே தன் வாயால் பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வண்டியை ரயிலடிக்குத் திருப்பிவிட்டார்கள். அதற்கும் அப்பா ஒரு நல்ல தீர்மானம் எழுதினார். தெருக்காரர்கள் வந்து வாசலில் நின்றபோது, புதுக் கிணறு, ஊறி அடங்க ஒரு மாதம் ஆகும், பொறுங்கள் என்றார். அவர்கள் பொறுத்தார்கள். வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர்களுக்கு எண்ணம்.

முனியம்மா பள்ளிக்கு வருவது நின்றது. அம்மா ஷாப்புக்குப் போய்விட, ஆற்றுக்குப் போய் ஊற்றுத் தோண்டி ஒரு குடம் கொண்டுவருவது அவள் வேலையானது. கோடையில் ஊற்று சுரக்கவே அரை நாள் பிடிக்கும். காத்திருக்க முடியாதவர்கள் கிணற்றுத் தண்ணீரையே குடித்தார்கள்.

நான் என்ன செய்தேன் என்றால், கிணற்றுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் புறப்பட்டேன். எங்கள் வீட்டில் ஆற்றுத் தண்ணீர் எப்போதும் இருக்கும். தினமும் பள்ளி விட்டதும் ஒரு சொம்பு எடுத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் ஷாப்புத் தெருவுக்குப் போய்க் கிணற்றில் ஊற்றிவிட்டு வருவேன். ஊற்றிய பிறகு எட்டிப் பார்த்து, “கத்துக்கோ” என்பேன்.

ஒருநாள் முனியம்மாவின் அம்மா வேலைக்குப் போகாமல் வாசலில் இருந்தாள். மடியில் குழந்தை. நாலு நாளாக வயிற்றுப்போக்கு. நல்ல தண்ணீராகக் காய்ச்சிக் கொடு என்று கம்பவுண்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆற்றுக்குப் போன முனியம்மா இன்னும் திரும்பவில்லை.

“பாப்பா, அது ஆத்துத் தண்ணியா? இதுல கொஞ்சம் ஊத்தேன் கண்ணு, கொளந்தைக்கு” என்று தம்ளரை நீட்டினாள்.

“இது கிணத்துக்குக்கா” என்றேன். “குறைஞ்சா அது கத்துக்காது.”

அவள் தம்ளரோடு எழுந்து என் பின்னால் கிணறுவரை வந்தாள். நான் ஒரு சொட்டு மீதி வைக்காமல் கவிழ்த்தேன்.

குழந்தை இரண்டாம் நாள் போய்விட்டது. அடக்கம் செய்யச் சங்கம் வழக்கப்படி வந்தது. அப்பா நீல ரிப்பன் குத்திக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டுக்கு வந்து ரிப்பனைக் கழற்றி அடுப்பில் போட்டார். மறுவாரம் எந்தத் தீர்மானமும் இல்லாமல் வண்டி திரும்பவும் ஷாப்புத் தெருவுக்குப் போனது. முனியம்மா பள்ளிக்குத் திரும்பவில்லை.

ஆனால் வண்டி வருவதற்கு முன், குழந்தையைப் புதைத்த மறுநாளும் நான் சொம்போடு போனேன். முனியம்மாவின் அம்மா அதே வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கிணற்றுக்குப் போகிற வழி குறுகல். என்னைப் பார்த்தாள், கையிலிருந்த சொம்பைப் பார்த்தாள். காலை மடக்கி எனக்கு வழி விட்டாள்.

அவளுக்கு என்மேல் கோபமில்லை என்று நினைத்துச் சந்தோஷமாகப் போய் ஊற்றினேன்.