எந்த வருத்தம்?

டிஸ்பென்சரி உத்தியோகத்தில் மருந்து கலக்குவது கால் பங்கு, சனத்தின் கதை கேட்பது முக்கால் பங்கு. வன்னியில் மருந்து ஊற்றிக் காலம் தள்ளிய சகபாடிகளுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஐம்பதுகளின் கடைசியில் முரசுமோட்டைப் பக்கத்து அரசாங்க டிஸ்பென்சரியில் நான் அப்போதிக்கரி. டொக்டருக்கு ஒரு படி கீழே. ஆனாலும் சனம் "டொக்டர் ஐயா" என்றுதான் கூப்பிடும், நானும் திருத்துவதில்லை. விடிந்ததும் ஆளுக்கொரு வெறும் போத்தலோடு வந்து வாங்குப் பலகையில் குந்தியிருப்பார்கள். நோய் என்ற சொல் ஒருவர் வாயிலும் வராது. காய்ச்சல் என்றாலும் "வருத்தம் ஐயா", வயிற்றோட்டம் என்றாலும் "வருத்தம் ஐயா". அந்தச் சொல் ஒரு நாள் என்னைப் போட்டு வாட்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வெளிநாட்டு மாணவி

என் ஒரே மகள் தவமணிக்கு மெட்ராசில் ஒரு பெண்கள் கல்லூரியில் இடம் கிடைத்தது. அவர்கள் அனுப்பிய படிவத்தில் அவளை "வெளிநாட்டு மாணவி" என்று போட்டிருந்தார்கள். எனக்குச் சுள்ளென்று ஏறியது. வீட்டு ரேடியோவில் பாடுவது மெட்ராஸ், அலுமாரியில் அடுக்கிக் கிடக்கிற சஞ்சிகை எல்லாம் மெட்ராஸ், பிறகென்ன வெளிநாடு?

அதற்குக் கீழே இன்னொன்று. வெளிநாட்டுப் பிள்ளைகள் வருடத் தொடக்கத்திலேயே விடுதியின் வைத்திய நிதிக்குப் பணம் கட்டிவிட வேண்டுமாம். கட்டினால், நோய் வந்தால் டொக்டரும் ஆஸ்பத்திரியும் கல்லூரியின் பொறுப்பு. கைக்குதவியாய் என்னோடு வேலை செய்த ஓடலி செல்லத்துரைக்கு இதை வாசித்துக் காட்டினேன். போத்தல் கழுவின கையைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "வருத்தம் வரமுதலே காசு கட்டுறதோ ஐயா? அப்ப வராட்டில் எங்களுக்கெல்லோ நட்டம்."

அம்மாளின் தவணை

இந்தியாவுக்குப் போக அம்மைக்குத் தடுப்புக் குத்து குத்தின அத்தாட்சி வேண்டும். ஊரில் பாதிப் பேருக்குக் குத்தினவன் நான். சொந்த வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது, அம்மை என்பதே அந்த அம்மாளின் விளையாட்டு, பொங்கல் முடியாமல் பிள்ளையின் கையைத் தொடக்கூடாது என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள்.

அவளுக்குக் கட்சி சேர்ந்தவர் பொன்னம்மாக்கா. முழங்கால் நோவுக்குப் பூச்சு மருந்து வாங்க கிழமைக்கு இரண்டு தரம் வருகிற வயல்காரி. சட்டம் இப்படித்தான் என்று நான் அவரோடு வாதாடிப் பார்த்தேன். கடைசியில் பொங்கல் முடிந்த மூன்றாம் நாள்தான் குத்தினேன், அவர் கேட்ட கேள்வி அப்படி. "பொங்கலுக்கு முதல் நீங்கள் குத்தினால், தன்னை நம்பேல்லையெண்டெல்லோ அம்மாள் நினைப்பா?"

சிவப்பு மருந்து

தலைமன்னாரில் மகளைக் கப்பல் ஏற்றுவதற்கு முன், என் கையால் கலக்கின காய்ச்சல் மருந்து ஒரு போத்தல் அவளுடைய பெட்டிக்குள் வைத்தேன். நிதி கட்டியாயிற்று, டொக்டர் இருக்கிறார், எல்லாம் தெரியும். தகப்பன் மனம் கேட்டால்தானே. தக்கை கழன்று, மெட்ராஸ் போய்ச் சேர முன்னமே மருந்து முழுக்க உடுப்பில் ஊற்றுண்டு போயிற்று.

"வெள்ளைச் சட்டை ஒண்டு சிவப்பாப் போச்சுது அப்பா. அதை மட்டும் நான் தோய்க்கேல்லை, எங்கடை டிஸ்பென்சரி மணம் மணக்குது" என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு கிழமை திரிந்தேன். வாங்கில் இருந்தவர்களுக்கெல்லாம் வாசித்தும் காட்டினேன், வெட்கம் என்ன வெட்கம். பொன்னம்மாக்கா மட்டும் சிரிக்கவில்லை. "வயித்துக்குள்ளை போகாட்டில் என்ன ஐயா, பிள்ளையோடை போய்ச் சேந்திட்டுதுதானே."

தந்தி

ஐப்பசி மழைக்குள் தந்தி வந்தது. மகள் ஆஸ்பத்திரியில், கடிதம் பின்னால் வரும். அவ்வளவுதான். என்ன நோய், எவ்வளவு காய்ச்சல், ஒன்றும் இல்லை. போவதென்றால் பாஸ்போர்ட் வேண்டும், லீவு வேண்டும், இரண்டும் என்னிடம் இல்லை. பதினொரு நாள், தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். மனைவி வற்றாப்பளைக்கு நேர்த்தி வைத்தாள். இந்த முறை நான் வாதாடவில்லை.

மற்றவர்களின் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மருந்து கலக்கிக்கொண்டுதான் இருந்தேன். ஒன்பதாம் நாள் வயல் செய்கிற ஒரு கமக்காரன் தன் மகளோடு வந்தான், தவமணியின் வயதுதான் இருக்கும். நாக்கைப் பார்த்து, மருந்து ஊற்றி, போத்தலில் பெயர்த்துண்டு ஒட்டிக் கொடுத்தேன். செல்லத்துரை அதை வாங்கினவன் உடனே கொடுக்காமல், எனக்குக் கிட்ட வந்து மெல்லச் சொன்னான். "ஐயா, பேரைத் தவமணி எண்டு எழுதிப்போட்டியள்."

மெட்ராஸ் வருத்தம்

பன்னிரண்டாம் நாள் அவளுடைய கையெழுத்திலேயே கடிதம் வந்தது. நெருப்புக் காய்ச்சலாம், அதுதான் டைபோயிட், இப்போது கஞ்சி குடிக்கிறாளாம். கதிரையில் இருந்து, முதல் வரியிலிருந்து திரும்ப வாசித்தேன்.

நடந்தது இதுதான். உடம்பு நெருப்பாய்க் கொதிக்க, கல்லூரி டொக்டரம்மாவிடம் போய், "எனக்கு மூண்டு நாளா வருத்தம்" என்று சொல்லியிருக்கிறாள். அங்கே வருத்தம் என்றால் மனக்கவலை. அந்த அம்மா இவளைத் தொட்டும் பாராமல், "ஏம்மா, வீட்டு ஞாபகமா?" என்று கேட்டிருக்கிறார். அதைக் கேட்டதும் இவளுக்கு அழுகை அடக்க முடியவில்லை. ஊர் நினைப்பு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று எழுதி அறைக்கு அனுப்பிவிட்டார். அடுத்த நாள் படியில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. "படிவத்திலை சரியாத்தான் போட்டிருக்கினம் அப்பா, நான் வெளிநாடுதான். இனிக் காய்ச்சல் எண்டே சொல்லுறன்" என்று முடித்திருந்தாள்.

அந்த டொக்டரம்மாவை நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். பொன்னம்மாக்கா முழங்காலைத் தடவிக்கொண்டு, நான் ஏசி முடியும்வரை பொறுத்திருந்தார். "அவா பிழையாச் சொல்லேல்லை ஐயா. பிள்ளைக்கு முதல் வந்தது அந்த வருத்தம்தானே."

நெருப்புக் காய்ச்சல் வருத்தத்தைக் கல்லூரி நிதி முழுதாகவே பொறுப்பெடுத்துக்கொண்டது. மற்ற வருத்தத்துக்கு மருந்து வாங்க, வெறும் போத்தலோடு வாங்கில் குந்தியிருந்தவன் இந்த டொக்டர் ஐயாதான்.