ராக்கெட் மூக்கில் எலுமிச்சம்பழம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இயற்பியலில் யாராவது யோசனை சொல்ல வந்தால் இன்னும் சீக்கிரம் வரும். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து, விழுப்புரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருடமாக வினை, எதிர்வினை என்று கத்திக்கொண்டிருப்பவன் நான். எனக்கே சொல்லித்தருகிறார்களா என்று தோன்றிவிடும்.

போன வருடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு தண்ணீர் ராக்கெட் செய்ய ஆரம்பித்தேன். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். அதைத் தலைகீழாக பிவிசி குழாய்த் தாங்கியில் பூட்டி நிறுத்தி, சைக்கிள் பம்பால் காற்றடிக்க வேண்டும். பூட்டை விடுவித்தால் தண்ணீர் கீழே பீய்ச்சும், பாட்டில் மேலே கிளம்பும். நெருப்பு இல்லை, வெடிமருந்து இல்லை. இருந்தாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பம்புக்கு நீள ட்யூப், பூட்டுக்கு நீளக் கயிறு, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு. காற்றடித்த பாட்டில் பக்கம் யார் போனாலும் அன்றைக்கு ராக்கெட் கிடையாது. பிள்ளைகள் என்னைவிடக் கறாராக அந்தக் கோட்டைக் காவல் காத்தார்கள்.

ஒரே ஒரு குறைதான். ராக்கெட் நேராகப் போகவில்லை. கிளம்பிய உடனே குட்டிக்கரணம் போட்டது. இரண்டாவது வாரம் அப்படித்தான் சாய்ந்து போய், சத்துணவுக் கூடத்தின் தகரக் கூரைமேல் தடாரென்று விழுந்தது. கரண்டியும் கையுமாக ஆயாம்மா வெளியே ஓடிவந்தார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். ஆனால் சத்துணவில் சமைப்பதால் பள்ளிக்கூடத்துக்கே அவர் ஆயாம்மாதான். நல்லவேளை, அவருக்கு அடி எதுவும் படவில்லை. கீழே கிடந்த பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "சார், இது வந்து..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சாம்பாரப் பாருங்கம்மா. இத நான் பாத்துக்கறேன்" என்று பாட்டிலை வாங்கிக்கொண்டேன்.

தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார். "இன்னும் ஒரு தடவ, சார். என் கண்ணு முன்னாடி நேரா மேல போவணும். கோணிக்கினு போச்சுன்னா இதோட நிறுத்திடுங்க. கூரை மேல வுழுந்தது புள்ளைங்க மேல வுழுந்தா யார் பதில் சொல்றது?" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. எப்போதும் கடைசி பெஞ்சில் தூங்கிவழிகிற ஒரு பெண், அந்த மாதத்தில் தானாக எழுந்து அழுத்தத்தைப் பற்றிக் கேள்வி கேட்டிருந்தாள். ராக்கெட் போனால் அதுவும் போய்விடும்.

ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். வாலில் ஒட்டியிருந்த அட்டை இறக்கைகள்தான் சரியில்லை என்று முடிவுகட்டி, அவற்றைப் பிய்த்துவிட்டு பிளைவுட்டில் பெரிதாக அறுத்து ஒட்டினேன்.

அந்தக் கடைசி ஒரு தடவைக்குக் குறித்த நாளில், மதியம் தலைமையாசிரியை, மற்ற ஆசிரியர்கள், பாதிப் பள்ளிக்கூடம், எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் நின்றார்கள். ராக்கெட்டைத் தாங்கியில் பூட்டிவிட்டு, பம்பை எடுத்துவர வகுப்புக்குப் போனேன். திரும்பி வந்தால் அதன் மூக்கில் ஓர் எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தது. அசையாமல் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. மிளகாய்கூட இல்லை. பக்கத்தில் ஆயாம்மா நின்றிருந்தார்.

"திருஷ்டிங்க சார். இத்தினி பேரு பாக்கறாங்க இல்ல" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மொதல்ல அத எடுங்கம்மா!"

"வேணாம் சார், கட்டினத அவுக்கக் கூடாது. இருக்கட்டும்" என்றார் தலைமையாசிரியை. அதற்குமேல் நான் என்ன பேசுவது? ஆயாம்மாவைக் கோட்டுக்குப் பின்னால் போகச் சொல்லிவிட்டுக் காற்றடித்தேன். ஒரு பையன் கயிற்றை இழுத்தான்.

ராக்கெட் நேராகப் போனது. தென்னை உயரம் தாண்டி, கொஞ்சமும் சாயாமல் மேலே மேலே போய், அப்புறம் காலி மைதானத்தின் நடுவில் விழுந்தது. தலைமையாசிரியை கை தட்டினார். "வாரா வாரம் வுடுங்க சார்" என்றார். பிள்ளைகளோ "எலுமிச்சம்பழம்! எலுமிச்சம்பழம்!" என்று குதித்தார்கள். ஒரு மாதப் பாடத்தை ஒரு பழம் தின்றுவிட்டதே என்று எனக்கு வயிறு எரிந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் சத்துணவுக் கூடத்துக்குப் போனேன். ஆயாம்மா அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ளைங்களுக்கு நான் அறிவியல் சொல்லித்தரேன். நீங்க திருஷ்டி கழிக்கிறீங்க. நல்லா இருக்காம்மா இது?" என்றேன்.

அவர் கையை அலம்பிக்கொண்டு எழுந்தார். "திருஷ்டி இல்ல சார். மல்லாட்டச் செடிய, அதாங்க வேர்க்கடல, புடுங்கி குமிச்சு வெச்சது மேல வீசறோம் இல்ல? எப்பிடி வீசினாலும் வேர்ப்பக்கந்தான் முன்ன போவும். காயி, மண்ணு, கனமெல்லாம் அங்கதான இருக்குது. உங்க பாட்டிலுக்கு மூக்குல ஒண்ணுமே இல்ல, கனமெல்லாம் வால்ல. அதுல பலகைய வேற ஒட்டினீங்க. கூரை மேல வுழுந்த அன்னிக்கே சொல்ல வந்தேன்."

புவியீர்ப்பு மையம். நான் கரும்பலகையில் வருடா வருடம் படம் போட்டுக் காட்டுகிற பாடம்.

"அப்புறம் எதுக்கும்மா திருஷ்டின்னு சொன்னீங்க?"

"திருஷ்டின்னா யாரும் கை வெக்க மாட்டாங்க சார். மூக்குல கனம் வெக்கணும்னு நான் சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்களா?"

அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"கேட்டிருக்க மாட்டேன்மா" என்றேன்.