ஆடாத ஆட்டத்தில் விழுந்த கார்

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் முதல் ஷிப்ட் முடிந்ததும் நேராக வில்லியனூரில் இருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். காலையில் எனக்கு ஒரு மெயில் வந்திருந்தது. பெரிய ஆன்லைன் சூதாட்டக் கம்பெனி ஒன்றின் பெயரும் சின்னமும் போட்டு, எனக்குக் கார் பரிசு விழுந்திருப்பதாகவும், ஆதாரையும் பாஸ்புக்கையும் ஸ்கேன் செய்து அன்றைக்கே அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தது. கிரிக்கெட் பார்க்கும்போது அடிக்கடி கண்ணில் படும் பெயர். அதனால் சந்தேகமே வரவில்லை.

கடையை நடத்தும் பெண் என் மொபைலை வாங்கி மெயிலைப் படித்தாள். மெஷின்மேல் வைத்த ஆதாரைத் திரும்ப எடுத்துவிட்டாள்.

"ண்ணா, நீங்க இந்தக் கம்பெனில வெளையாடுவீங்களா?"

"சேச்சே, எங்க வூட்ல யாருக்கும் அந்தப் பழக்கமே கெடையாது."

"அப்ப ஆடாத ஆட்டத்துல எப்பிடிண்ணா ஜெயிச்சீங்க?"

பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உனக்கு இன்னாம்மா அதெல்லாம்? ஸ்கேன் பண்ணிக் குடு."

"கோச்சிக்காதீங்க. பண்ணமாட்டேன்."

கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். அந்தக் கம்பெனியின் உண்மையான இணையதளத்தில், தங்கள் பெயரில் மோசடி மெயில்கள் போகின்றன, நம்ப வேண்டாம் என்று அறிவிப்பே இருந்தது. எனக்கு வந்த மெயிலின் முகவரியில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்ததையும் விரல் வைத்துக் காட்டினாள்.

"இந்த மெயில வேற யாருக்காவது அனுப்பினீங்களா?"

உறவினர் ஒருவரையும் சேர்க்கலாம் என்று மெயிலில் இருந்ததால், பாகூரில் இருக்கும் என் தங்கைக்கு அனுப்பியிருந்தேன். உடனே போன் போட்டேன்.

"இதோ, பாஸ்புக்கத்தாண்ணா போட்டோ புடிச்சிட்டு இருக்கேன்."

"அனுப்பிடாதடி!"

"ஏண்ணா கத்துற? இன்னா ஆச்சி?"

போனை அப்படியே நீட்டினேன். கடைக்காரப் பெண்தான் போனை வாங்கி, என் தங்கைக்குப் புரியும்வரை பொறுமையாகச் சொன்னாள். சற்றுமுன் சிரித்தவர் எனக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். இருந்த படபடப்பில் யாருக்கும் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் தங்கையை அழைத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். அன்று கடைக்காரப் பெண்ணிடம் சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அப்பாவுக்கும் இது மாதிரி ஒண்ணு வந்துச்சிக்கா," என்றாள் அவள். "அன்னிக்கி தடுக்க ஆள் இல்ல."

பக்கத்துக் கடையிலிருந்து டீ வரவழைத்தாள். மூன்று பேரும் நின்றபடியே குடித்தோம்.