கோல் கம்பம் வரை வந்த வரிசை

2007 ஜனவரி. கோவில்பட்டியிலிருந்து கிளம்பி, மான்ட்ரியாலில் ஒரு சின்னக் கல்லூரியில் டிப்ளமோ படிக்கப் போய் இறங்கிய முதல் வாரம். கேன்டீனில் தனியாக உட்கார்ந்து, கையுறையைக் கழற்றினால் எங்காவது தொலைத்துவிடுவேனோ என்று பயந்து, அதைப் போட்டுக்கொண்டே சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தேன். அடுத்த மேசையில் ஒரு பெண் போனில் அவள் அம்மாவோடு யாழ்ப்பாணத் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். காதில் தமிழ் விழுந்ததுதான் தாமதம், தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குளிரில் வெட்கமாவது ஒன்றாவது!

அவள் மான்ட்ரியாலை ஒட்டிய டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் வளர்ந்தவள், என்னைவிடச் சின்னவள். ஊர், வீடு எல்லாம் விசாரித்துவிட்டு, "ஏதும் விளையாடுவியளோ அக்கா?" என்று கேட்டாள்.

"ஹாக்கி. காலேஜ் டீம்ல நான்தான் கோல்கீப்பர்" என்றேன், கொஞ்சம் நிமிர்ந்தே. ஹாக்கிக்குப் பேர்போன ஊர், கோவில்பட்டிக்காரி அந்த வார்த்தையை நிமிராமல் சொல்ல மாட்டாள்.

"ஹொக்கியோ! கோலியோ!" என்று அவள் எழுந்தே நின்றுவிட்டாள். கோல்கீப்பரை அங்கே கோலி என்பார்களாம்.

விஷயம் இதுதான். அவள் எங்கள் கல்லூரிப் பெண்கள் அணியில் ஆடுகிறாள். அந்த வட்டாரத்தில் இருக்கிற சின்னக் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து தங்களுக்குள் ஒரு போட்டி நடத்துகின்றன. அணியின் இரண்டாவது கோலிக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. இரண்டு கோலி இல்லாமல் கடைசிச் சுற்றில் இறங்க முடியாது, ஆடாமலே விட்டுக்கொடுக்க வேண்டியதுதான் என்பது விதி. அணியில் பாதிப் பேருக்கு அது படிப்பின் கடைசி வருஷம். "நீங்கள் வந்தாக் காணும் அக்கா, எங்களுக்கு மட்ச் இருக்கு" என்றாள். நான் வந்தாலே போதும், ஆட்டம் நடக்கும் என்கிறாள். நான் தேவை என்று ஒருவர் சொல்லிக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது! யோசிக்காமல் தலையாட்டினேன்.

மறுநாள் மாலை கேன்வாஸ் ஷூவும் கையுமாகப் போனேன். கதவைத் திறந்தால் உள்ளே மைதானம் முழுக்க ஐஸ்.

என்னை முட்டாள் என்று நினைக்காதீர்கள். ஐஸ் ஹாக்கி என்று ஒன்று இருப்பது எனக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பேர் ஐஸ் ஹாக்கி. வெறும் ஹாக்கி என்றால் அது எங்கள் ஊர் ஹாக்கிதானே? அவர்கள் ஊரில் நேர் தலைகீழ் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

யாரோ என் காலில் ஸ்கேட்டை மாட்டி இறுக்கிக் கட்டினார்கள். ஒரு காலை ஐஸில் வைத்தேன், அடுத்த கால் வருவதற்குள் மல்லாந்து கிடந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் கண் கரித்தது.

"ஏன் அக்கா முதல்லையே சொல்லேல்லை?" என்று அவள் ஓடிவந்தாள்.

"ஹாக்கின்னுதானடி சொன்னேன்!"

"நானும் ஹொக்கி எண்டுதானே சொன்னனான்!"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்புறம் இரண்டு பேருக்கும் வந்த சிரிப்பு அடங்கவே இல்லை.

பயிற்சியாளர் அம்மா என்னை வீட்டுக்குப் போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் என்னவோ பேசினார், இவள் மொழிபெயர்த்தாள்: "சும்மா வாங்கில இருந்தாக் காணுமாம்." எதை வாங்கச் சொல்கிறாள் என்று விழித்தேன். வாங்கு என்றால் பெஞ்ச். உடுப்பைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தால் விதிக்கு அது போதுமாம்.

அதோடு விட்டிருக்கலாம். அவர்கள் விடவில்லை. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் என் அறைக்குப் பக்கத்துப் பூங்காவில் தண்ணீர் ஊற்றி உறையவிட்ட ஒரு திடல் இருந்தது. வகுப்பு முடிந்ததும் முறைவைத்து யாராவது ஒருத்தி வந்து என்னை அங்கே இழுத்துப் போவாள். நிற்க வந்தது, விழுந்தால் எழுந்திருக்க வந்தது, நகர மட்டும் வரவில்லை. அந்த வாரம்வரை தினமும் ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று அழுதவள், பிறகு நாளைக்கு யார் வருவார்கள் என்று ஜன்னலைப் பார்க்கத் தொடங்கினேன். அம்மாவிடம் போனில் சொன்னால், "ஏட்டி, அங்கயும் போய் மட்டையத் தூக்கிட்டியா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆட்டத்தன்று நான் பெஞ்சில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். கடைசிப் பகுதி பாதி தாண்டியபோது எங்கள் கோலி தொடையைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். தூக்கித்தான் வந்தார்கள்.

பயிற்சியாளர் என் முன்னால் குனிந்து, எனக்குப் புரிகிற மாதிரி மெதுவான ஆங்கிலத்தில், பயமாக இருந்தால் வேண்டாம், விட்டுக்கொடுத்துவிடலாம் என்றார். நான் அணியைப் பார்த்தேன். ஒருத்தியும் என்னைப் பார்க்கவில்லை. என்னை வற்புறுத்துவதாக ஆகிவிடக் கூடாது என்று எல்லாரும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. ஹெல்மெட்டை மாட்டினேன்.

இரண்டு பேர் முழங்கையைப் பிடித்து, கல்யாணப் பெண்ணை மணவறைக்கு அழைத்துப் போவதுபோல் என்னைக் கோல் வாசலுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பார்க்க வந்திருந்தவர்கள் சிரித்தது நன்றாகவே கேட்டது.

அதன் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது! பந்துக்குப் பதிலாக அங்கே பக் என்று ஒரு தட்டையான ரப்பர் வில்லை. பட்டால் உயிர் போகும். அது என்னிடம் வராமலிருக்க அந்தப் பெண்கள் குறுக்கே விழுந்தார்கள். விலாவில் வாங்கினார்கள், காலில் வாங்கினார்கள், எழுந்தார்கள், மறுபடி விழுந்தார்கள். அப்படியும் ஒன்று என்னிடம் வந்தது. யோசிக்க நேரமில்லை, கோவில்பட்டிப் பழக்கத்தில் காலால் ஓங்கி உதைத்தேன். பக் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். அரங்கமே எழுந்து கத்தியது.

ஆனால் அடுத்தது உள்ளே போனது. முடியப் போகிற நேரத்தில் இன்னொன்றும் போனது. தோற்றுவிட்டோம்.

ஆட்டம் முடிந்ததும் எங்கள் அணி மொத்தமும் வேகமாக என்னை நோக்கி வந்தது. வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று வலையோடு ஒட்டிக்கொண்டேன். முதலில் வந்தவள் என் ஹெல்மெட்டில் தன் ஹெல்மெட்டை மெல்ல முட்டினாள். அடுத்தவளும் முட்டினாள். யாழ்ப்பாணத்துக்காரி கடைசியாக வந்தாள். "வெண்டாலும் தோத்தாலும் முதல்ல கோலியிட்டத்தான் வாறது. அதுதான் வழமை. நீங்கள் இல்லாட்டி இண்டைக்கு மட்ச்சே இல்லை, அக்கா" என்றாள். ஹெல்மெட்டுக்குள் அழுதால் துடைக்க முடியாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. இரண்டு அணியும் மைதானத்தின் நடுவில் வரிசையாக நின்று கை குலுக்க வேண்டும். என்னால் அங்கே போக முடியாது. கோல் கம்பத்தைப் பிடித்தபடியே நின்றேன். எதிரணித் தலைவி என்னைப் பார்த்தாள், தன் ஆட்களிடம் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். "என்ன சொல்றா?" என்று யாழ்ப்பாணத்துக்காரியிடம் கேட்டேன்.

"'அவவால வர ஏலாது, நாங்கள் போவம்' எண்டுறா."

வரிசை அப்படியே திரும்பியது. ஜெயித்தவர்கள் ஒவ்வொருவராகக் கையுறையைக் கழற்றி, என் கோல் கம்பத்தடிக்கு வந்து கை கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒருத்தி "மெர்ஸி" என்று பிரெஞ்சில் நன்றிகூடச் சொன்னாள்.

இப்போது டவுன்டவுனில் வேலை பார்க்கிறேன். ஸ்கேட்டிங் இன்றுவரை எனக்கு வரவில்லை. ஆனால் அலுவலகத்தில் புதிதாக ஒருவர் பாஷை தெரியாமல், யாரிடம் போவதென்று தெரியாமல் ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றால், என்னை நோக்கித் திரும்பிய அந்த வரிசைதான் கண்ணுக்குள் வருகிறது. அவர் வரட்டும் என்று காத்திருக்காமல் நானே எழுந்து போய்விடுகிறேன்.