பதில் சொல்லாத இரண்டாவது ஆள்

நாளிதழுக்காக இன்று காலை வீட்டில் எழுதிய செய்தியை மதியம் அனுப்பப் போனால் இணையம் இல்லை. கைபேசியில் டேட்டாவும் தீர்ந்திருந்தது. பக்கம் முடிக்கிற நேரம் வேறு.

அலுவலகத்தில் கணினிகளைக் கவனிக்கும் கலைவாணியை அழைத்தேன். என் வீட்டிலிருந்து அலுவலக சர்வர் வரை வழியில் எந்தெந்தக் கருவி பதில் தருகிறது என்று காட்டும் கட்டளையைத் தட்டச் சொன்னார். முதல் வரியில் பதில் வந்தது. அடுத்ததெல்லாம் வெறும் நட்சத்திரக் குறிகள்.

"மொதல் ஆளு உங்க ஊட்டு ரவுட்டருங்க சார். நல்லாப் பேசறாருங்க. ரெண்டாவது நெட் கம்பெனிக்காரரு, வாயே தொறக்க மாட்டேங்கறாருங்க. நடுவால ஒயரைப் பாருங்க."

இயந்திரத்தையும் 'அவர்' என்று மரியாதையாகச் சொல்கிற பெண்.

வெளியே வந்தேன். பக்கத்து வீட்டு ராமசாமி மதிலோரம் அரிவாளோடு நின்றிருந்தார். காலடியில் வெட்டிய தென்னை மட்டை, அதனடியில் அறுந்த ஒயர்.

"ஏனுங்க, மட்டை ஒயர் மேல உளுந்துபோட்டுதுங்க. நீங்க மும்முரமா எழுதிட்டிருந்தீங்க. தொந்தரவு பண்ண வேண்டாம்னு நின்னுட்டேனுங்க."

"எப்ப இருந்துங்க?"

"காத்தால இருந்துங்க."

அவர் வீட்டு வைஃபையில் செய்தி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. காபியும் கிடைத்தது.

எங்கள் தெருவில் கோளாறு எங்கே என்று அறியக் கட்டளை வேண்டாம். மதிலோரம் யார் சங்கடமாக நிற்கிறார் என்று பார்த்தால் போதும். உங்கள் தெருவில் எப்படிங்க?