செல்லச்சாமியின் நெல்லிக்காய்க் கணக்கு

“ஒண்ணு எடுத்துக்குங்க. வத்தேகம போய்ச் சேர்ற வரைக்கும் வாய்க்கு நல்லாயிருக்கும்” என்று நெல்லிக்காய்ப் பொட்டலத்தை நீட்டுகிறார் செல்லச்சாமி. பஸ்ஸில் எதிரே இருப்பவர் ஆடிமாதக் குளிருக்குக் கழுத்தைச் சுற்றி மப்ளர் கட்டியிருக்கிறார். சும்மா கிடைப்பதை யார் வேண்டாம் என்பார்கள்? ஒரு கடி கடிக்கிறார். உடனே கை தாடைக்குப் போகிறது, கண் சுருங்குகிறது. செல்லச்சாமி பரிவோடு தலையாட்டுகிறார். மடியில் கிடக்கும் அவருடைய வலது கட்டைவிரல் மட்டும் ஒரு விரல் கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குச் சத்தமில்லாமல் ஏறுகிறது.

கூகைக்கட்டில் ஒருவர் கூடிவிட்டார்.

தமிழ்நாட்டில் எங்கள் ஊரில் பொன்னுக்கு வீங்கி என்போமே, அதற்கு இங்கே பெயர் கூகைக்கட்டு. ஆபீஸுக்குப் பெயர் கந்தோர். கண்டியில் ஒரு சுகாதாரக் கந்தோரில் செல்லச்சாமிக்கு உத்தியோகம். இலங்கை முழுவதும் இந்த வீக்கம் எத்தனை பேருக்குப் பரவியிருக்கிறது என்று கொழும்பில் மதிப்புப் போடுகிறார்களாம். கண்டிச் சுற்றுவட்டாரத்துக்கு இவர் பொறுப்பு. வீடு வீடாகப் போய்க் கேட்டால் வேலைக்காகாது. கன்னம் வீங்கியவன் கடையில் யார் சாமான் வாங்குவார்கள்? அதனால் ஊரே மப்ளருக்குள் ஒளிந்திருக்கிறது. “கேட்டா எல்லாருக்கும் வெறும் சளிதாங்க. ஆனா வீங்கின தாடையில புளிப்பு பட்டா சுளீர்னு வலிக்கும். புளிப்புக்கு முன்னால யாரும் நடிக்க முடியாது” என்கிறார்.

புளிப்பும் ஒருமுறை காலை வாரிவிட்டது. மடவளையில் துணிக்கடை வைத்திருக்கும் தாஸிம் நானா முகத்தைச் சுளித்ததும் கட்டைவிரல் ஏறியது. அவர் கண்டுகொண்டார்.

“என்னயக் கணக்குல போட்டுறாதீங்க தம்பி. இது கடவாப்பல்லு சூத்தை. வேணுன்டா பாருங்க.”

திறந்த வாய்க்குள் குனிந்து பார்த்துவிட்டு, செல்லச்சாமி விரலை ஒரு கணு இறக்கிக்கொண்டார். அன்றுமுதல் நெல்லிக்காய்க்கு முன்னால் “பல்லெல்லாம் சௌக்கியமா?” என்று ஒரு விசாரிப்பு. அந்தக் கட்டைவிரலும் அன்றே கண்டிப் பஸ்களிலெல்லாம் பிரசித்தமாகிவிட்டது. இப்போது மடவளைப் பிள்ளைகள் அவரைக் கண்டால் கட்டைவிரலை ஆட்டிக் காட்டுகிறார்கள். சிரித்துக்கொண்டே அவர்களுக்கும் ஆளுக்கொரு நெல்லிக்காய்.

“கண்ணுல பட்டவங்க ஒரு பங்குன்னா, படாதவங்க ரெண்டு பங்கு” என்பது அவர் சூத்திரம். அந்த இரண்டு பங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “ரொம்ப வீங்கினவங்க பஸ் ஏற மாட்டாங்க, வீட்டுல படுத்திருப்பாங்க. அவங்களுக்குக் கஞ்சி கொடுக்க ஒரு ஆள் வேணுமில்லீங்களா? அந்த ஆளுக்கு மட்டும் ஒட்டாமலா இருக்கும்?” இதைக் கேட்டதிலிருந்து தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று என் கன்னங்களை அமுக்கிப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே அளவுதான். இருந்தாலும் பார்க்கிறேன்.

அவருக்கும் உள்ளே பயம் உண்டு. இந்த நோய் ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது என்கிறார்கள். சிறுவயதில் தனக்கு வந்ததா என்பது அவருக்கே தெரியாது. ஆவணியில் கல்யாணம். பெண் கமலம், கடுகண்ணாவையில் தேநீர்க்கடை வைத்திருக்கும் அழகமுத்துவின் மகள். அழகமுத்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “வீங்கின கன்னத்தோட மணவறையில உட்கார வைக்க மாட்டேன். வந்துச்சுன்னா தை மாசம் பார்த்துக்கலாம்.”

போன ஞாயிற்றுக்கிழமை அவரோடு கடுகண்ணாவைக்குப் போனேன். மழைக்கு என்று அவரும் கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தார். வழியில் ஒருவருக்கும் பொட்டலத்தை நீட்டவில்லை.

கடையில் தேநீருக்கு முன்னால் ஒரு தட்டு வந்தது. தட்டில் நெல்லிக்காய்.

“ஊரான் கன்னத்தையெல்லாம் எண்ணுற மாப்பிள்ளைக்கு நாமளும் ஒண்ணு கொடுக்க வேணாமா?” என்றார் அழகமுத்து. “பல்லெல்லாம் சௌக்கியமா?”

“சௌக்கியந்தாங்க மாமா” என்று பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். இனிக் கடவாய்ப்பல்லைக் காட்டித் தப்ப வழியில்லை.

உள்கதவோரம் கமலம் வந்து நின்றாள். தேநீர் குடிக்க வந்தவர்கள் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டார்கள். செல்லச்சாமி ஒரு நெல்லிக்காயை எடுத்துக் கடித்தார். முகம் அசையவில்லை. கையைத் தாடைக்குப் போகவிடாமல் மேசைமேல் மல்லாத்தி வைத்திருந்தார். கண்ணில் மட்டும் நீர் கோத்தது.

“என்ன மாப்பிள்ளை, புளிக்குதா?”

“இல்லீங்க மாமா, இனிப்பாத்தான்...”

சொல்லி முடிப்பதற்குள், மேசைமேல் எல்லார் கண்ணெதிரிலும் கிடந்த அந்தக் கட்டைவிரல் மெல்ல அடுத்த கணுவுக்கு ஏறியது.